ஊதாவும் மஞ்சளுமாய் ஒரு மீன்

அந்த மீன் வீட்டுக்கு வந்த முதல் நாளே அது பிழைக்காது என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

காலையில் அதைக் கடையிலிருந்து வாங்கி வந்தவர் என் கணவர். பிளாஸ்டிக் பையோடு தொட்டி நீரில் மிதக்கவிட்டு, பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து, பிறகு பொறுமையாக உள்ளே விட்டார். விட்ட கையோடு மதிய ஷிப்டுக்குப் புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்குக் கிளம்பினார். போகும்போது, "கொஞ்ச நேரம் லைட்டு போடாத. பயந்துக்கும். சும்மா விட்டுரு" என்றார்.

சும்மா விடுவது எனக்கு வராத காரியம். மகளைத் தூங்கவைத்ததும் தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தேன். விளக்கைத்தான் போடக்கூடாது, கைப்பேசி வெளிச்சம் பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பாறைகளுக்கு நடுவில் அடித்துப் பார்த்தேன். இரண்டு பாறைகள் சாய்ந்து நின்ற இடத்தில் ஒரு சிறிய குகை. அதன் கூரையை ஒட்டி அது இருந்தது. என் சுண்டுவிரல் நீளம்தான். தலையிலிருந்து பாதி உடம்பு வரை ஊதா, அங்கிருந்து வால் வரை மஞ்சள். இரண்டு மீன்களைப் பாதிப் பாதியாக வெட்டி ஒட்டியது போல் இருந்தது. ஆனால் வயிறு மேலே இருந்தது, முதுகு கீழே.

உடனே கணவரைக் கூப்பிட்டேன்.

"என்னங்க, மீன் செத்துப்போச்சுங்க."

ஷிப்டு இன்னும் தொடங்கவில்லை போல, பின்னால் தூரத்தில் மெஷின் சத்தம் கேட்டது. "என்னது?"

"தலைகீழா கிடக்கு. வயிறு மேல இருக்கு."

"கிடக்குதா, நீந்துதா?"

மறுபடி பார்த்தேன். "துடுப்பு ஆடுது."

"செத்த மீனு துடுப்ப ஆட்டுமாலா?" அவர் சிரித்தது அவருக்குப் பக்கத்தில் நின்றவருக்கும் கேட்டிருக்கும். "அது குகை மீனு. பாறை எந்தப் பக்கமோ அந்தப் பக்கந்தான் அதுக்குத் தரை. கூரைக்கு வயித்தக் காட்டிக்கிட்டு நிக்கும். கடைக்காரரு சொன்னாரு. உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா மட்டும் நீ பயந்திருக்க மாட்டியா?"

போனை வைத்துவிட்டு மறுபடி அந்தத் துடுப்பைப் பார்த்தேன்.

ஏன் அப்படிப் பயந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். அந்தத் தொட்டி எங்களுக்கு இலவசமாக வந்தது. கணவரோடு வேலை செய்த ஒருவர் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போனபோது, பாறைகள், விளக்கு, பம்பு, ஸ்கிம்மர், இரண்டு கோமாளி மீன்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்கிம்மர் என்பது தொட்டியின் பின்பக்கத்தில் தொங்கும் ஒரு கருவி. காற்றைத் தண்ணீரோடு கலந்து நுரையாக்கி, அழுக்கை அந்த நுரையோடு மேலே இருக்கும் கோப்பையில் தள்ளிவிடும். உப்புநீர்த் தொட்டிக்கு அதுதான் சிறுநீரகம் என்பார் கணவர். சுங்கை பினாங்கில் எங்கள் ஃபிளாட்டின் கூடத்தில், சோபாவுக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்தோம். கணவர் கடல் பாலம் தாண்டி எதிர்க்கரைக்கு வேலைக்குப் போய்விடுவார். நான் காப்புறுதி அலுவலக வேலையிலிருந்து சம்பளமில்லாத விடுப்பில், மகளோடு வீட்டில் இருந்தேன். ஆகவே தீனி போடுவதும் ஆவியான தண்ணீரை நிரப்புவதும் என் பொறுப்பு.

இரண்டு கோமாளி மீன்களும் என் பொறுப்பில் இருந்தபோதே செத்தன. முதலில் ஒன்று, சில நாள் கழித்து மற்றொன்று. வயதாகியிருக்கும், இடம் மாற்றியது ஒத்துக்கொள்ளவில்லை என்று கணவர் சொன்னார். அந்த வாரம் வீட்டுக்கு வந்த நாத்தனார் காலித் தொட்டியைப் பார்த்தார். வாசலில் காய்ந்து நின்ற கறிவேப்பிலைத் தொட்டியையும் பார்த்தார். "ஒன் கைக்கு உயிருள்ளது எதுவும் தங்காதுபோல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு அது விளையாட்டு. சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக் கொஞ்சவும் ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. மகள் குறைந்த எடையில் பிறந்தவள். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் அவளை எடை போடும்போது நான் தராசைப் பார்க்காமல் தாதியின் முகத்தைப் பார்ப்பேன். "பரவாயில்லை, ஏறுகிறது, மெதுவாகத்தான்" என்பார் அவர். அந்த "மெதுவாகத்தான்" என்னோடு வீடு வரை வரும். பால் போதவில்லையா, கஞ்சி அதிகம் நீர்த்துவிட்டதா, நேற்று இரண்டு வாய் கூடக் கொடுத்திருக்கலாமோ? இப்படி யோசித்துக்கொண்டிருந்தவளிடம் போய் நாத்தனார் அப்படிச் சொல்லிவிட்டார். அதனால்தான் புது மீனைக் கணவர் வாங்கி வந்தபோது, இது மட்டும் பிழைக்க வேண்டும் என்று நினைத்தேன். என் கையில் ஒன்று நன்றாக இருக்க வேண்டும். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் ஒரு மீனுக்காகவா என்று கேட்பார்கள்.

மீன் பிழைத்தது. தலைகீழாகவே பிழைத்தது.

முதல் சில நாள் அது குகையைவிட்டு வரவில்லை. உறையவைத்த குட்டி இறாலை வெதுவெதுப்பான தண்ணீரில் பனி கரையவிட்டு, ஒரு சிரிஞ்சில் எடுத்து, குகை வாசலில் மெல்ல விடுவேன். அது எட்டிப் பார்க்கும், ஒன்றைக் கவ்வும், மறையும். பிறகு வாசலுக்கு வந்தது. பிறகு பாறையின் மேல் விளிம்பு வரை. கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்துவிட்டால் வாயை அகலத் திறந்து சண்டைக்கு நிற்கும். அவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு பெரிய வாய். யாரையோ திட்டுகிறது என்று நான் மகளிடம் சொல்வேன். மகளுக்கு அப்போது உட்காரத் தெரியும், நிற்கத் தெரியாது. சோபாவுக்கும் தொட்டிக்கும் நடுவில் அவளை உட்காரவைத்தால் கண் கொட்டாமல் பார்ப்பாள். மீன் குகைக்குள் போய்விட்டால் "ஆ?" என்று என்னைத் திரும்பிப் பார்ப்பாள். எங்கே ஒளித்துவைத்தாய் என்று கேட்பது போல.

காலையில் எழுந்ததும் என் முதல் வேலை மகளின் மூச்சைப் பார்ப்பது, இரண்டாவது வேலை மீனைப் பார்ப்பது. கீழே கடைவரிசையில் இருக்கும் வாட்டர் மெஷினில் சுத்தமான தண்ணீர் பிடித்து வருவேன். ஒரு கையில் மகள், மறு கையில் தண்ணீர்க் கலன். தொட்டியில் எந்த அளவுக்குக் கோடு போட்டிருக்கிறதோ அதுவரை ஊற்றுவேன். ஆவியாகும்போது தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. அதனால் வெறும் தண்ணீரை ஊற்றினால் போதும். இதை நான் மூன்று இடங்களில் படித்து உறுதிசெய்துகொண்டேன். பிறகு கணவரிடமும் கேட்டேன். "நான்தானே ஒனக்குச் சொல்லிக் கொடுத்தேன்?" என்றார்.

அம்மா சனிக்கிழமைதோறும் வருவார். அதே எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தின் மாக் மண்டினில் இருக்கிறார். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். காலைப் படகில் ஏறி, ஜெட்டி படகுத்துறையில் இறங்கி, பஸ் பிடித்து வந்து சேர்வார். பையில் நல்லெண்ணெய், கொஞ்சம் முருங்கைக்கீரை, சாம்பிராணி, பேத்திக்கு ஏதாவது ஒரு சட்டை. வந்ததும் மகளுக்கு எண்ணெய்க் குளியல். குளியல் முடிந்ததும் தலை காய வேண்டும், காற்றுப் படக்கூடாது. ஆகவே ஜன்னலை எல்லாம் சாத்தி, விசிறியை நிறுத்திவிட்டு, தூபக்காலில் கரி போட்டுச் சாம்பிராணி தூவி, குழந்தையைக் கையில் கிடத்தி அந்தப் புகையில் தலைமுடியை விரித்து உலர்த்துவார். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். என்னைச் சுற்றி எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

கிளினிக்கில் தாதி, மிஸி என்று நாங்கள் கூப்பிடுபவர், வேறு விதமாகச் சொன்னார். மகளின் உடையில் சாம்பிராணி வாசம் அடித்ததோ என்னவோ, "வீட்ல புகை போடுறீங்களா? குழந்தை பக்கத்துல வேணாம்" என்றார். சரி என்று தலையாட்டினேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் படகேறி வருவதே அந்த ஒரு குளியலுக்காகத்தான். அதில் பாதியை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தாதி சொன்னது சரிதானா, அவர்களும் ஒரு வழக்கத்துக்காகச் சொல்கிறார்களா என்று எனக்குள் வாதம் செய்தேன். வாதம் முடியவில்லை. அதற்குள் அடுத்த சனிக்கிழமை வந்துவிட்டது.

முன்பெல்லாம் புகை போடுவது படுக்கையறையில் நடக்கும். மகள் நெளிவாள், அழுவாள். மீன் வந்த பிறகு நான்தான் ஒரு யோசனை சொன்னேன். "அம்மா, கூடத்துல உட்காருங்க. மீனப் பாத்துக்கிட்டே சும்மா இருப்பா." அப்படியே ஆயிற்று. அம்மா சோபாவுக்கும் தொட்டிக்கும் நடுவில் பாயைப் போட்டு உட்கார்ந்தார். மகள் அசையாமல் மீனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "பாத்தியா, புத்திசாலிப் பிள்ள" என்று அம்மா மகளைச் சொன்னார். என்னைச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை மீன் வெளியே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. குகைக்குள் பார்த்தால் கூரையை ஒட்டி நிற்காமல் மணலில் படுத்திருந்தது. செவுள்கள் வேகமாக அடித்துக்கொண்டன.

தண்ணீர் சூடாகிவிட்டதா? உப்பு கூடிவிட்டதா? நான் கை கழுவும்போது சோப்பு போகவில்லையா? சாப்பிடாததால் சோர்ந்திருக்கும் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் இறால் போட்டேன். அதையும் அது தொடவில்லை. போட்டது மணலில் அழுகத் தொடங்கவே அதை உறிஞ்சி எடுப்பது ஒரு வேலையானது. திங்கட்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு ஜெலுத்தோங்கில் இருக்கும் மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு சீனர். கைப்பேசியில் நான் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "நோயா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்று மலாயில் சொல்லி ஒரு சிறிய மருந்துப் புட்டியை எடுத்து வைத்தார். "ஜாங்கான் தாக்குட், அடிக்" என்றார், பயப்படாதே தங்கச்சி என்று. அவர் முகம் பயப்படாதது போல் இல்லை.

மருந்தை வாங்கி வந்தேன். மூடியைத் திறந்தேன். இது பாறையில் இருக்கும் நல்ல உயிர்களையும் கொல்லும் என்று எழுதியிருந்ததைப் படித்தேன். மூடினேன். கணவர் வந்ததும், "ஊத்தவா, வேணாமா?" என்றேன்.

"உனக்கு என்னா தோணுது?"

"எனக்குத் தோணுறதுதான் பிரச்சினையே. ரெண்டும் தோணுது."

"அப்ப நாளைக்குப் பாப்போம்லா."

மறுநாள் அது எழுந்து நின்றது. அதற்கடுத்த நாள் சாப்பிட்டது. மருந்தை ஊற்றாமல் இருந்ததில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஏதோ ஒரு சோர்வு, வந்தது, போய்விட்டது. அப்படித்தான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை வாக்கில் அது பாறை முழுவதும் சுற்றி வந்தது.

மறுபடி சனிக்கிழமை. கணவருக்கு அன்று ஓவர்டைம். அம்மா வந்தார், எண்ணெய் தேய்த்தார், குளிப்பாட்டினார். ஜன்னல்களை நான் சாத்தினேன், விசிறியை நான் நிறுத்தினேன். பாயில் அம்மா உட்கார்ந்து தூபக்காலில் சாம்பிராணியைத் தூவினார். குப்பென்று புகை எழும்பியது. மகள் தொட்டியைப் பார்த்தாள்.

நான் எப்போதும் மகளின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன், கரி தெறித்துவிடுமோ என்று. அன்று மகள் "ஆ?" என்றாள். மீன் எங்கே என்று கேட்கிறாள் என்று நானும் தொட்டியைப் பார்த்தேன். அப்போதுதான் அந்தப் புகையைக் கண்டேன். காற்றே இல்லாத கூடத்தில் அது நேராக மேலே போக வேண்டும். பாதி அப்படித்தான் போனது. மீதி ஒரு நூலாகச் சாய்ந்து, தொட்டியின் பின்பக்கம் போய், ஸ்கிம்மருக்குக் காற்று இழுக்கும் மெல்லிய குழாயின் நுனியில் நுழைந்துகொண்டிருந்தது. அந்தக் குழாய் சோபா ஓரமாக, அம்மாவின் தோளுக்கு எதிரே தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்கிம்மரைப் பார்த்தேன். எப்போதும் கழுத்து வரை பொங்கி நிற்கும் நுரை அடங்கிப்போயிருந்தது. கோப்பையைக் கழற்றி முகர்ந்தேன். சாம்பிராணி. கடல் வாசத்தோடு கலந்த சாம்பிராணி. குனிந்து பாறைக்குள் பார்த்தால், மீன் குகை வாசலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"அம்மா, அத வெளிய கொண்டுபோங்க."

"எத?"

"புகைய. மீனுக்கு மூச்சு முட்டுது."

அம்மா தொட்டியைப் பார்த்தார், தூபக்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மீனு தண்ணிக்குள்ள இருக்கு. புகை வெளிய இருக்கு. மீனுக்குச் சாம்பிராணி ஒத்துக்காதுன்னு எந்த ஊர்ல சொன்னாங்க?"

"இந்தக் குழாய் வழியா உள்ள இழுக்குதும்மா. இங்க பாருங்க. போன வாரமும் இப்படித்தான் ஆச்சு. நீங்க போனப்புறம் படுத்துருச்சு."

"ஓ, நான் போனப்புறம்!" அம்மா மகளின் தலைமுடியைக் கோதுவதை நிறுத்தவில்லை. "பிள்ளைக்குத் தலை இன்னும் ஈரம். சளி பிடிச்சா ஒன் மீனா வந்து பாக்கும்?"

"துண்டால துடைச்சுக்கலாம்மா."

"துண்டால துடைக்கிறதுக்கா நான் படகேறி வர்றேன்? ஒங்க மூணு பேரையும் இந்தப் புகையிலதான் வளத்தேன். ஒருத்தருக்காவது மூச்சு முட்டுச்சா?"

"அண்ணனுக்கு வீசிங் இருந்துச்சேம்மா."

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. அம்மாவின் கை நின்றது.

"அது ஒங்கப்பா வழி" என்றார்.

சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. மீன் சாய்ந்தபடியே இருந்தது. இனி எதைச் சொன்னாலும் ஒன்றுதான் என்று தோன்றியது. "கிளினிக்லயும் மிஸி சொன்னாங்க, பாப்பா பக்கத்துல புகை வேணாம்னு. போன தடவையே சொல்லிட்டாங்க. நான்தான் ஒங்ககிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு."

அம்மா மகளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். "மீனுக்குன்னா ஒடனே வாயத் தொறக்கிற. பெத்த பிள்ளைக்குன்னா சங்கடம் பாக்கிற. நல்லா இருக்குடி ஒன் நியாயம்" என்றார். கோபமாகச் சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மகளை என் கையில் கொடுத்துவிட்டுத் தூபக்காலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். சிங்க்கில் தண்ணீர் விட்டதும் கரி உஸ்ஸென்று அடங்கும் சத்தம் கேட்டது.

ஜன்னல்களைத் திறந்தேன். விசிறியைப் போட்டேன். கணவரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். உற்பத்தி லைனில் நின்றால் கைப்பேசியைப் பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. என்ன செய்ய வேண்டும் என்று கேட்க வேறு ஆள் இல்லை. கடைக்காரரைக் கேட்கலாம், அவர் மருந்து என்பார். இணையத்தில் தேடலாம், பத்து பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். தொட்டியைப் பார்த்தேன். கெட்ட காற்று உள்ளே போயிருக்கிறது. கெட்ட தண்ணீரை எடுத்துவிட்டு நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும். அதற்குமேல் யோசித்தால் நான் எதையும் செய்ய மாட்டேன்.

கணவர் வாரம் ஒரு முறை மாற்றுவதற்காக உப்புக் கலந்த தண்ணீரைக் குளியலறையில் பெரிய வாளியில் வைத்திருப்பார். மகளைப் பாயில் உட்காரவைத்துவிட்டு அதை இழுத்து வந்தேன். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்தார்.

"என்னாடி அது?"

"உப்புத் தண்ணிம்மா. கடல் தண்ணி மாதிரி இருக்கணும்."

அம்மா வந்து வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். குழம்பைப் பார்க்கும் அதே முகம். "சரியாத்தான் இருக்கு" என்றார். நான் உப்பளவு காட்டும் கருவியை விட்டும் பார்த்துக்கொண்டேன். அம்மா அதைக் கவனித்தார். "எம்மேல நம்பிக்கை இல்ல" என்று மகளிடம் சொன்னார்.

தொட்டித் தண்ணீரைக் குழாய் வழியாக இறக்கினேன். அம்மா ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குழாயை ஒரு காலி வாளிக்குள் அழுத்திப் பிடித்தார். நிரம்பிய வாளியை நான் குளியலறைக்குக் கொண்டுபோவேன். அவர் "பாத்து, தரை வழுக்கும்" என்பார். புதுத் தண்ணீரை மீன் மேல் வேகமாக விழாமல் ஒரு கிண்ணத்தால் மொண்டு மொண்டு ஊற்றினேன். ஸ்கிம்மர் கோப்பையைக் கழுவி மாட்டினேன். காற்றிழுக்கும் குழாயில் இன்னொரு துண்டுக் குழாயைச் சொருகி, ஜன்னல் கம்பி வழியாக வெளியே விட்டேன். சொருகுவதற்குத்தான் அதிக நேரம் ஆனது. மகளின் தலைமுடி அதற்குள் விசிறிக் காற்றிலேயே காய்ந்துவிட்டது. அம்மா அதில் கை விட்டுப் பார்த்துக்கொண்டார்.

மீன் அசைந்து அசைந்து குகைக்குள் போனது. உள்ளே போன பிறகு தெரியவில்லை.

அம்மா மாலைப் படகுக்குக் கிளம்பும்போது மகளை முத்தமிட்டார். லிஃப்ட் கதவு மூடும்போது என்னிடம், "சாப்டு" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை கைப்பேசி வெளிச்சத்தை எந்தப் பக்கம் அடித்தாலும் மீன் தெரியவில்லை. குகை உள்ளே வளைந்து போகிறது, அந்த வளைவுக்கு அப்பால் போய்விட்டது. "பாறைய எடுத்துப் பாக்கவா?" என்று கணவரைக் கேட்டேன். "எடுத்தா அதுக்கு வீடும் போயிரும்" என்றார். தீனி போட்டால் அழுகும். போடாவிட்டால் பட்டினி. உயிரோடு இருந்தால் பட்டினி, இல்லாவிட்டால் தொட்டி முழுவதும் கெட்டுப்போகும். சிரிஞ்சில் நாலே நாலு இறாலை மட்டும் எடுத்து வாசலில் விட்டு, சிறிது நேரம் பார்த்து, உறிஞ்சி எடுத்துவிடுவேன். காலையில் ஒரு தடவை, அவ்வளவுதான். இன்னும் ஒரு தடவை போடலாமே என்று கை ஓடும். கையை இழுத்துக்கொண்டுபோய்ப் பாத்திரம் கழுவுவேன். தண்ணீரைச் சோதித்தேன், நன்றாக இருந்தது. ஸ்கிம்மரில் நுரை மறுபடி பொங்கி நின்றது. அதற்குமேல் எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுமில்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுச் சும்மா இருப்பதுபோல் கஷ்டமான வேலையை நான் அலுவலகத்திலும் செய்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் அம்மா கூப்பிட்டார். வழக்கமாக "பாப்பா எழுந்துட்டாளா?" என்றுதான் தொடங்குவார். அன்று, "வெளிய வந்துச்சா?" என்றார்.

"இன்னும் இல்லம்மா."

"ம்" என்றார். பிறகு, "நான் வேணும்னு செய்யலடி" என்றார்.

"தெரியும்மா. நான்தான் அங்க உக்காரச் சொன்னேன்."

"ஆமா, நீதான் சொன்ன" என்று உடனே ஒத்துக்கொண்டார். அவர் குரல் கொஞ்சம் லேசானது எனக்குக் கேட்டது.

செவ்வாய்க்கிழமையும் கூப்பிட்டார். புதன்கிழமையும். கணவர் கிண்டல் செய்தார்: "மாமியாருக்கு மருமகன் எப்படி இருக்கான்னு கேக்க ஒரு நாளும் தோணல. மீனுக்கு மட்டும் தினமும் போனு."

அந்த வாரமே ஒரு நாள் காலை மகளை உயரமான நாற்காலியில் உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். நான்கைந்து வாய் வாங்கியவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். இன்றைக்கும் இவ்வளவுதானா என்று எனக்குள் அந்தப் பழைய கணக்கு ஆரம்பித்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக் கையை நீட்டிச் சத்தம் போட்டாள்.

திரும்பினேன். குகையின் கூரையில் முதலில் ஊதாத் தலை, பிறகு மஞ்சள் வால். நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது, வயிறு ஒட்டியிருந்தது. ஆனால் செவுள் நிதானமாக அசைந்தது. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உறைந்த இறாலை எடுத்து வந்தேன். வெதுவெதுப்பான தண்ணீருக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் இறால் கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்து உருக்கினேன். சிரிஞ்சை மெல்ல அழுத்தினேன். ஓர் இறால் குகை வாசலில் சுழன்று இறங்கியது. மீன் பார்த்தது. இன்னும் கொஞ்சம் இறங்கவிட்டது. பிறகு பாய்ந்து கவ்வியது. உள்ளே ஓடவில்லை. அங்கேயே நின்று இன்னொன்றுக்குக் காத்திருந்தது.

எனக்குக் கண் கலங்கியது. மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சிரிக்கிறேன் என்று நினைத்து அவளும் சிரித்தாள். வாய் திறந்திருந்ததால் ஒரு கரண்டி கஞ்சியை வைத்தேன். விழுங்கினாள்.

அம்மாவைக் கூப்பிட்டேன். "வந்துருச்சும்மா! சாப்பிடுது!"

"மாரியாத்தா!" என்றார். படகுத்துறைப் பக்கம் இருந்தாரோ, சந்தையில் இருந்தாரோ, பின்னால் ஒரே சத்தம். "என்னா சாப்டுச்சு?"

"இறாலும்மா."

"எத்தன?"

"மூணு."

"மூணா?" அம்மாவின் குரல் ஏறியது. "இத்தன நாளு பட்டினி கிடந்த பிள்ளைக்கு மூணு இறாலா? இன்னும் கொஞ்சம் போடு."

மீன் குகை விளிம்பில் நின்று மிதந்து வந்த ஒரு துணுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேசையில் கிண்ணத்தில் இன்னும் இறால் மிச்சம் இருந்தது. சிரிஞ்சும் என் கையில்தான் இருந்தது.

"இன்னைக்கு இது போதும்மா" என்றேன். "சாயங்காலம் பாத்துப் போடறேன்."

"சரி, நீதானே பக்கத்துல இருந்து பாக்கிற" என்றார். "சனிக்கிழமை பெரிய துண்டு ஒண்ணு எடுத்தாறேன். நல்லாத் தண்ணி இழுக்கிறதா."

போனை வைத்துவிட்டு மிச்ச இறாலை மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். மகள் தட்டைத் தட்டினாள். கஞ்சி ஆறிப்போயிருந்தது. சூடாக்கி எடுத்து வந்து மறுபடி ஊட்ட உட்கார்ந்தேன்.